2035: ஓர் எண்ணும் இரு பிடிவாதங்களும்

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் காலநிலை மாற்றம் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் இரண்டே இரண்டு குரல்கள்தாம் கேட்கின்றன. ஒன்று, ‘அறிவியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, ஆகவே இதெல்லாம் மேலைநாட்டார் நம் தலையில் கட்டும் சரக்கு’ என்பது. மற்றது, ‘அறிவியல் தீர்ப்புச் சொல்லியாயிற்று, இனியும் ஐயம் கிளப்புகிறவர் எண்ணெய்க் கம்பெனிகளின் கையாள்’ என்பது. முதற்குரலுக்கு உரியவர்கள் பெரும்பாலும் தம்மை மரபின் காவலர்களாக எண்ணிக்கொள்பவர்கள். இரண்டாம் குரலுக்கு உரியவர்கள் தம்மை முற்போக்கினர் என்று கருதிக்கொள்பவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இவ்விரு தரப்பாரும் ஒரு விஷயத்தில் மட்டும் முழுமையாக உடன்படுகிறார்கள். அறிவியல் என்பது தீர்ப்புகளின் தொகுப்பு என்பதே அது. தீர்ப்பு ஒருமனதாக இல்லை என்பது ஒருவருக்கு வசதி. ஒருமனதாக இருக்கிறது என்பது மற்றவருக்கு வசதி. அது எந்தச் சான்றின்பேரில் எழுதப்பட்டது, யார் குறுக்கு விசாரணை செய்தார் என்னும் கேள்வி இருவருக்கும் தேவைப்படுவதில்லை.

என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புவி வெப்பமடைகிறது, அதற்கு முதற்காரணம் மனிதர் எரிக்கும் எரிபொருள் என்பதை நான் ஏற்கிறேன். ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள் என்பதற்காக ஏற்கவில்லை. அந்த முடிவை உடைக்க முயன்ற கேள்விகள் பலவும் முறையாகக் கேட்கப்பட்டு, முறையாக விடையளிக்கப்பட்டிருக்கின்றன என்பதால் ஏற்கிறேன். கருத்து மாறுபாடு இல்லாத அறிவியல் என்று ஒன்று கிடையாது. மாறுபடுகிறவர் எப்படி மாறுபடுகிறார் என்பதே பார்க்கத்தக்கது. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. இரு தரப்பாரும் அதை அரைகுறையாகவே அறிந்திருக்கிறார்கள்.

2007ஆம் ஆண்டு ஐ.பி.சி.சி. என்னும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு தன் நான்காவது அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டு அமைதிக்கான நோபல் பரிசை ஆல் கோருடன் பகிர்ந்துகொண்ட அமைப்பு அது. அறிக்கையின் இரண்டாம் தொகுதியில், ஆசியா பற்றிய பத்தாம் இயலில், இமயமலைப் பனியாறுகள் இதே வேகத்தில் தேய்ந்தால் 2035க்குள் முற்றாக மறைந்துவிட மிகுந்த வாய்ப்புண்டு என்னும் கருத்து இடம்பெற்றிருந்தது. கூடவே, அவற்றின் பரப்பு ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சமாகக் குறையும் என்றும் இருந்தது. எல்லாமே மறைந்துவிடும் என்றால் மிச்சம் அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? அடுத்தடுத்த வரிகளிலேயே முரண். நன்னூலார் நூற்குற்றம் பத்தைச் சொல்லும்போது ‘மாறுகொளக் கூறல்’ என்று ஒன்றை வைத்தார். முதலாண்டு இளங்கலை மாணவனுக்கு அது தெரியும். மேலும், இமயமலையில் உள்ள பனியாறுகளின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ முப்பத்து மூவாயிரம் சதுர கிலோமீட்டர்தான்.

கணக்கு தெரிந்தவர்கள் ஒரு வகுத்தலில் இதைக் கண்டிருக்கலாம். பெரிய பனியாறுகள் பலவற்றின் தடிமன் நூறு மீட்டருக்கும் மேல். 2007க்கும் 2035க்கும் இடையே 28 ஆண்டுகள். நூறு மீட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் உருகியாக வேண்டும். பின்னாளைய அளவீடுகள் காட்டும் சராசரி இழப்போ ஆண்டுக்கு அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

பிறகு இந்த எண் எங்கிருந்து வந்தது? பின்தொடர்ந்து போனவர்கள் கண்ட பாதை இது. ஐ.பி.சி.சி. மேற்கோள் காட்டியது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கையை. அந்த அறிக்கை மேற்கோள் காட்டியது ‘நியூ சயன்டிஸ்ட்’ வார இதழில் 1999இல் வந்த செய்திக் கட்டுரையை. அந்தக் கட்டுரைக்கு அடிப்படை இந்தியப் பனியியல் அறிஞர் ஒருவரின் பேட்டி. அதே 1999இல் ‘டவுன் டு எர்த்’ இதழிலும் இக்கருத்து வந்திருந்தது. பரப்பு பற்றிய எண்களோ ரஷ்யப் பனியியலாளர் கோட்லியக்கோவ் 1996இல் எழுதிய அறிக்கையைச் சேர்ந்தவை. அவர் பேசியது துருவங்களுக்கு வெளியே உலகெங்கும் உள்ள பனியாறுகளைப் பற்றி. அவர் குறித்த ஆண்டு 2350. ஏடெழுதுவோர் கைப்பிழையால் ஓர் எழுத்து இடம்மாறிப் பாடல் பொருளே திரிந்துபோவதை உ.வே.சா. வழிவந்த நாம் அறிவோம். இங்கே முந்நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் திரிந்துபோயின. எங்கும் ஓர் அளவீடும் இல்லை; ஒருவர் சொன்னதை ஒருவர் எடுத்தெழுதியதே உண்டு.

பிழையைவிடப் பெரிய செய்தி, பிழை சுட்டிக்காட்டப்பட்டபோது நடந்ததுதான். அறிக்கை வரைவாக இருந்தபோதே கேள்விகள் வந்தன. ஜப்பான் அரசின் சார்பிலும் இதன் உறுதிப்பாடு என்ன என்று கேட்கப்பட்டிருந்தது. 2006இலேயே எச்சரித்ததாக ஆஸ்திரியப் பனியியலாளர் காசர் பின்னாளில் சொன்னார். எதுவும் வரியை அசைக்கவில்லை. 2009 நவம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உயர்பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா எழுதிய விவாத அறிக்கையை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் தேய்கின்றன, ஆனால் அத்தேய்வில் இயல்புமீறிய வேகம் இல்லை என்றது அது. ஐ.பி.சி.சி.யின் தலைவராக அப்போது இருந்த ஆர்.கே. பச்சௌரி இதை ‘வூடூ அறிவியல்’ என்றார். நம் வழக்கில் சொன்னால் பில்லிசூனியம். ஆதாரம் கேட்டவருக்கு ஆதாரம் காட்டாமல் வசையைத் தந்த கணம் அது. இரண்டே மாதத்தில், 2010 ஜனவரி 20 அன்று, அந்தப் பத்தி தகுந்த சான்றில்லாதது என்று ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்து அறிக்கை வெளியிட்டது. பன்னாட்டு அறிவியற் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று அவ்வாண்டு ஆகஸ்டில் தந்த ஆய்வறிக்கை, மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்தது.

இந்த வரலாற்றில் நம் இரு தரப்பாரும் எதை எடுத்துக்கொண்டார்கள்?

முதல் தரப்பார், ‘பார்த்தீர்களா, பனி உருகவேயில்லை’ என்றார்கள். இது ஏதுப் போலி. ஓர் ஆண்டுக்கணக்குத் தவறு என்பதிலிருந்து நிகழ்வே இல்லை என்று முடிவுகட்ட எந்த அளவையும் இடம் தருவதில்லை. அவர்கள் வசதியாக மறக்கும் செய்தி வேறொன்றும் உண்டு. பிழையின் வேரைத் தோண்டி எடுத்து 2010 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியவர்கள் கோக்லி, கார்கெல், காசர் முதலிய பனியியலாளர்களே. புவி வெப்பமாவதை ஏற்பவர்கள். தம் வாழ்நாளைப் பனியை அளப்பதில் கழித்தவர்கள். மறுப்பாளர் கூடாரத்திலிருந்து ஒருவரும் அளவுகோலுடன் மலையேறவில்லை. அதே அறிக்கையின் முதற்தொகுதியில், பனி பற்றி இயற்பியலாளர்கள் எழுதிய இயலில், இந்தப் பிழை இல்லை என்பதையும் இவர்கள் சொல்வதில்லை.

இரண்டாம் தரப்பார், ‘ஆயிரம் பக்கத்தில் ஒரு பத்தி, அதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா’ என்றார்கள். ஆம், பெரிதுபடுத்தத்தான் வேண்டும். உரையாசிரியன் ஒரு பாடபேதத்துக்காகப் பத்துப் பக்கம் வாதிடுவதை வியந்து பாராட்டுகிற நாம், கோடிக்கணக்கான மக்களின் குடிநீர் பற்றிய ஓர் எண்ணுக்கு மட்டும் ஏன் கண்டும் காணாமல் இருக்க வேண்டும்? நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன மிகை என்பது வாதமாகாது. நோக்கம் நல்லதாக இருப்பதால் எண் சரியாகிவிடுவதில்லை.

ரெய்னாவின் அறிக்கையையும் அப்படியே தலைமேல் தூக்கிவைக்க முடியாது. அவருடைய மறுப்பு சரியான மறுப்பு. அவருடைய முடிவு வேறு விஷயம். அந்த அறிக்கை பெரிதும் பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்கியது என்பதையே சான்றாகக் கொண்டது. முனையை மட்டும் பார்த்துப் பனியாற்றின் நலத்தைச் சொல்லிவிட முடியாது. இமயத்தில் பல பனியாறுகளின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் போர்வைபோல் மூடியிருக்கின்றன. அந்தப் போர்வைக்கு அடியில் முனை அசையாமல் கிடக்க, மேலே பனி மெலிந்துகொண்டே போகும். வேண்டியது வரவுசெலவுக் கணக்கு: ஆண்டுக்கு எவ்வளவு பனி சேர்ந்தது, எவ்வளவு கரைந்தது என்பது. அந்தக் கணக்கு 2009இல் மிகச் சில பனியாறுகளுக்கே இருந்தது.

பிறகு கணக்கு வந்தது. 1970களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பொதுப்பார்வைக்குத் திறக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிற்கால அளவீடுகளோடு ஒப்பிட்டு, இமயத்தின் 650 பனியாறுகளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் வெளியானது. 1975 முதல் 2000 வரை இருந்த இழப்பு வேகம் 2000 முதல் 2016 வரையிலான காலத்தில் இரண்டு மடங்காகியிருந்தது. மறுபுறம், காரகோரம் பகுதியில் பல பனியாறுகள் ஏறத்தாழ நிலையாக நிற்பதும், சில வளர்வதும் தெரியவந்து, ‘காரகோரப் புதிர்’ என்றே அதற்குப் பெயர் அமைந்தது. ஆக, 2035 பொய். ‘இயல்புமீறிய தேய்வில்லை’ என்பதும் நிற்கவில்லை. உண்மை இருவர் சொன்னதிலும் சேராமல், இடத்துக்கு இடம் வேறுபட்டு, எவருடைய மேடைக்கும் ஒத்துவராமல் கிடக்கிறது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், வெப்ப உயர்வு ஒன்றரை டிகிரிக்குள் நின்றாலும், இந்துகுஷ்–இமயப் பகுதியின் பனியாறுகளில் மூன்றிலொரு பங்கு போய்விடும் என்று காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் நிறுவனத்தின் தலைமையில் 2019இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. 2035 என்ற பூச்சாண்டி தேவையே இல்லாத அளவுக்கு இதுவே போதிய கவலை தரும் செய்தி.

‘மேலைநாட்டுச் சதி’ என்னும் சொல்லாடலுக்கு வருகிறேன். மேலைநாட்டார் நம்மைப் பற்றிச் சொன்ன கணக்கு தவறாக இருந்ததுண்டா? உண்டு, மிகப் பெரிய அளவில் உண்டு. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் எடுத்த அளவுகளை நம் வயல்பரப்பால் பெருக்கி வந்த எண் அது. 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழையின் சோற்றுக்கான புகையையும் செல்வரின் சொகுசுக்கான புகையையும் ஒரே தட்டில் நிறுப்பது என்ன நியாயம் என்று கேட்டு எழுதினார்கள். அது அறத்தின் கேள்வி. அதோடு நின்றிருந்தால் நம்மவர் நன்றாகக் கோபித்தார்கள் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். அதே 1991இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ராவின் தலைமையில் பல நிறுவனத்தார் சேர்ந்து நாட்டின் பல பகுதிகளிலும் வயலில் இறங்கினார்கள். நெற்பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, அதில் சேரும் காற்றை எடுத்து அளந்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்குதான்!

காரணமும் விளங்கிற்று. நம் மண்ணில் மட்கு குறைவு. நம் வயல்களில் பெரும்பகுதி எந்நேரமும் நீர் தேங்கி நிற்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்பது இன்று உலகெங்கும் பரிந்துரை. சொல் நம் உழவர்களுடையது, மீத்தேன் என்ற பெயரைக் கேட்டறியாத காலத்துச் சொல். (இதைக் கேட்டதும் ‘எல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் அறிந்தது பயிரை, வளிமண்டலத்தை அன்று.) சதி என்று கூவியவர்களால் அந்த எண் விழவில்லை, பெட்டியைக் கவிழ்த்தவர்களால் விழுந்தது.

இதற்கு நேரெதிரான திசையில் ஒரு சான்று. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் வெப்பநிலைப் பதிவுகளை நம்பாதவர். நகரங்களின் சூடு கணக்கைக் கெடுத்திருக்கிறது, நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பன அவருடைய ஐயங்கள். பெர்க்லியில் ஒரு குழுவைக் கூட்டி, நிலக்கரி, எண்ணெய் ஆதரவாளர்களான கோக் குடும்பத்தார் அறக்கட்டளையிடமும் நிதி வாங்கிக்கொண்டு, எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து மீண்டும் கணக்கிட்டார். 2012இல், வெப்பமாதல் உண்மை, அதற்குக் காரணம் மனிதரே என்று அறிவித்தார். ஐயத்துக்கு நேர்மையான வடிவம் என்றால் இதுதான். நம்மூர் ஐயவாதிகளில் ஒருவரேனும் சேலம் வானிலை நிலையத்தின் ஐம்பதாண்டுப் பதிவைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

இனி இரண்டாம் தரப்பாருக்குச் சற்றே கசப்பான ஒரு செய்தி. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்று பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. இது காலநிலை மாற்றமே என்று மேடைகள் முழங்கின. நம் கவிஞர்கள் எழுதினார்கள். மறு ஆண்டு ஒரு பன்னாட்டுக் குழு இந்த மழையை ஆராய்ந்து, புவி வெப்பமானதால் இத்தகைய மழைக்கான வாய்ப்புக் கூடியதாகக் கண்டறிய முடியவில்லை என்று எழுதியது. காற்றிலுள்ள தூசும் புகையும் வெப்பமாதலின் விளைவை ஈடுசெய்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 2018இல் இந்திய ஆய்வாளர்கள் சிலர் வேறு முறையில் ஆராய்ந்து, எல் நினோவோடு தெற்கு வங்கக்கடல் வெப்பமாகிவருவதும் மழையை வலுப்படுத்தியது என்றார்கள். இரு கட்டுரைகளையும் எழுதியவர்கள் புவி வெப்பமாவதை ஏற்பவர்களே. ஆயினும் மாறுபட்டார்கள், யாரும் யாரையும் கைக்கூலி என்று அழைக்கவில்லை. ஒருவர் நூற்றாண்டு மழைப்பதிவைக் கேட்டார், மற்றவர் கடலின் வெப்பத்தைக் கணினி மாதிரியில் மாற்றிப் பார்த்தார். கேட்ட கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு. இதற்கிடையில், வெள்ளத்தை மனிதர் வரவழைத்த பேரழிவு என்று தணிக்கைத் துறையின் அறிக்கை சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் திறப்பும் ஆக்கிரமிப்பும் அதில் பேசப்பட்டன. ‘எல்லாம் காலநிலை மாற்றம்’ என்று நாம் அன்று பாடிய பாட்டு யாருக்குத் துணைபோயிற்று என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு வியப்பளிப்பது, விவாத ஒழுங்கை நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதே இல்லை என்பதுதான். நன்னூலின் பாயிரம் நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் என ஏழைச் சொல்கிறது. அவற்றில் உடன்படலும் உண்டு, மறுத்தலும் உண்டு. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவது உண்டு. இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிவதும் உண்டு. வசை பாடுதல் அந்த ஏழில் இல்லை. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை கற்பிக்கும் காதை, பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று தவறான வாதங்களை வகைப்படுத்துவதற்கே எத்தனை அடிகளைச் செலவிடுகிறது! நம் பாடத்திட்டங்களில் அந்தக் காதையை ‘கவிச்சுவை குறைவு’ என்று தாண்டிவிடுகிறோம். விளைவு கண்முன்னே இருக்கிறது. நீலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல். குண்டலகேசி இன்று முழுமையாக இல்லை. புறத்திரட்டில் கிடைத்தவை போக, அதன் சுவடுகள் எங்கே இருக்கின்றன? நீலகேசிக்கு எழுதப்பட்ட உரையில். எதிராளியின் சொல்லை எடுத்துக்காட்டி மறுக்கும் பழக்கம் இருந்ததால், எதிராளியின் நூல் மறைந்த பின்னும் அவர் வாதம் கொஞ்சமேனும் பிழைத்திருக்கிறது. நம் இன்றைய கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று நூறாண்டுக்குப் பின் ஒருவன் அறிய முடியுமா? ‘கையாள்’, ‘அடிவருடி’, ‘பிற்போக்கு’ என்ற சொற்கள்தாம் கிடைக்கும்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று எண்ணுவோருக்கு வாழப்பாடியைக் காட்ட விரும்புகிறேன். சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே, பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடுமாக இருக்கும் ஊர் இது. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பாக்கு மரத்தைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. ஐந்தாண்டு கழித்து 2021இல் அதே பருவமழை இயல்பைவிட மிகுதியாகக் கொட்டியது. வறட்சியின்போது ‘காலநிலை மாற்றம்’ என்றவர்கள் வெள்ளத்தின்போதும் அதையே சொன்னார்கள். வறட்சியின்போது ‘பஞ்சம் தாது வருஷத்திலும்தான் வந்தது’ என்றவர்கள் வெள்ளத்தின்போது ‘பார், மழை எங்கே போயிற்று’ என்றார்கள். ஓராண்டு மழையை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. அந்த இரு ஆண்டுகளுக்கும் நடுவே ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டி இறங்கியதை இருவருமே தம் வாதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏரி வாய்க்கால் தூர்ந்ததற்குக் கரியமில வாயுவைக் குற்றம் சொல்ல முடியாதல்லவா.

பாக்குக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் நிற்கும். ஆகவே இன்று கன்று வாங்குகிற விவசாயி 2060ஆம் ஆண்டின் வானிலைமேல் பந்தயம் கட்டுகிறார். அவருக்கு நாம் என்ன சொல்ல முடியும்? வெப்பம் கூடும் என்பதை ஐயமின்றிச் சொல்லலாம். மனிதரால் புவி வெப்பமடைந்திருப்பது மறுக்கவியலாதது என்று 2021இல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்வதற்கு முன்பே அதற்குப் போதிய சான்று இருந்தது. கொட்டும் மழை இன்னும் கடுமையாகக் கொட்டும் என்பதைப் பெருமளவு உறுதியோடு சொல்லலாம். பருவமழையின் மொத்த அளவு இந்த வட்டாரத்தில் கூடுமா குறையுமா என்பதில் மாதிரிகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையும் தூசும் தென்மேற்குப் பருவமழையைக் குறைத்தன என்றும், இனி வெப்பமாதல் அதைக் கூட்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நிலத்தடி நீரோ பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கிறது. நான்கு கேள்விகளுக்கு நான்கு வேறு உறுதி அளவுகள். ‘எல்லாம் முடிந்தது’ என்பாரும் ‘எல்லாம் பொய்’ என்பாரும் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் தலையில் வைக்கிறார்கள். அவரோ கன்று ஒன்றின் விலை என்ன, இந்த வருஷம் வைக்கலாமா, அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு நாற்றுப் பண்ணையின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.